ஜன்னலில் சொல்லி முடிக்காத பதில்

பெரிய பாலம் நடுவில் முறிந்து ஆற்றில் விழுந்த வருஷம், எங்கள் ஆபீஸ் லிஃப்டில் கையால் இழுக்கிற கம்பிக் கதவை எடுத்துவிட்டுத் தானே மூடுகிற கதவு போட்ட வருஷம், கீழ்வீட்டுத் தையல்காரம்மா கல்யாணமாகி வந்து முதல் நாளே மாடிப்படியில் வழுக்கி விழுந்த வருஷம், அந்த வருஷத்து மழையில் பிறந்த என் மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் மாமா எழுதுவது. இங்கே நானும் மாமாவும் மாடிப்படியும் இருக்கிறோம், மூவரும் ஒரே மாதிரி தேய்ந்துகொண்டு வருகிறோம், மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கிறீர்கள் என்று நானே நினைத்துக்கொண்டு மேலே சொல்லுகிறேன். இந்த முதல் வரியைச் சொன்னதுமே மாமா பேனாவை மூடிவிட்டான். “அத்தான், இதையேதான் அந்த விசா ஆபீஸ் ஜன்னல்ல சொன்னீங்க, அதுலதான் அவ்வளவும் கெட்டுது, மறுபடியுமா” என்று கேட்டான். ஜன்னலில் இருக்கிறவருக்குத்தான் தேதி வேண்டும், என் மகளுக்கு வேண்டாம், நீ எழுது என்றேன். எழுதுகிறான். அச்சாபீசில் பிறர் எழுதினதில் பிழை திருத்தியே நரைத்தவன், நான் சொல்லுகிற வாக்கியத்தையெல்லாம் வெட்டிச் சின்னதாக்க அவன் கை துடிக்கிறது. எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டச் சொல்லுவேன், ஒரு சொல் குறைந்தாலும் பிடித்துவிடுவேன் என்று அவனுக்குத் தெரியும், அதனால் ஒழுங்காகத்தான் எழுதுவான். போனிலேயே இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். போனில் நீ அழ ஆரம்பித்தால் எனக்கு வாயடைத்துப்போகிறது, நான் வாயடைத்துப்போனால் லைன் போய்விட்டது என்று நீ ஹலோ ஹலோ என்று கத்துகிறாய், கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து லைனைத் திட்டிவிட்டு வைத்துவிடுகிறோம். அதனால்தான் கடிதம்.

விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது தடவையும் இல்லை என்று வந்துவிட்டது. நீ இருக்கிற நாட்டுக்கு வந்து உன்னோடு இருக்க எனக்கு அனுமதி கிடையாது. உறை வந்த அன்றைக்கு மாமா அதைப் பிரித்து முதலில் தனக்குள்ளே படித்தான். அவன் தனக்குள்ளே படித்தாலே எனக்குத் தெரிந்துவிடும். மற்ற இரண்டு தடவை மாதிரியே இதிலும் நான் பேசின விதத்தைப் பற்றி ஒரு கட்டம் இருந்தது, அதில் ஓர் இங்கிலீஷ் வார்த்தை இருந்தது. உடனே அவன் அட்டை போன அந்தத் தடிமனான அகராதியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எச்சில் தொட்டுப் பக்கம் புரட்ட ஆரம்பித்துவிட்டான். எனக்கு எழுத்து தெரியாது, எண்ணில் ஆறு வரைக்கும் தெரியும், நான் ஓட்டின ஆபீஸ் லிஃப்டில் இருந்த பித்தான் அவ்வளவுதான். ஆனால் இந்த மூன்று உறைகளில் வந்த வார்த்தைகளை மட்டும் நீ எப்போது கேட்டாலும் சொல்லுவேன். மனிதர் பேசுகிற விதத்துக்கென்றே இங்கிலீஷில் எத்தனை எத்தனை வார்த்தை இருக்கிறது என்று மாமா சாயங்காலமெல்லாம் எனக்கு வாசித்துக் காட்டியிருக்கிறான். நீ பார்க்கிற வேலையும் அதுதானே. யாரோ எவரோடோ போனில் பேசினதையெல்லாம் காதில் மாட்டிக்கொண்டு கேட்டு, பக்கத்தில் அவர் பேசின விதத்துக்கு ஒரு வார்த்தை போடவேண்டும், ஓர் ஆளுக்கு ஒன்றுதான் போடவேண்டும், இரண்டு போட்டால் மேலதிகாரி கோபிப்பார் என்று முன்பு நீ சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அப்போது அதைப் பெரிய உத்தியோகம் என்று தையல்காரம்மாவிடம்கூடப் பெருமை பேசினேன்.

முதல் தடவை நடந்ததை உன்னிடம் அரைகுறையாகத்தான் சொல்லியிருக்கிறேன். அந்த விசா ஆபீஸ் கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகத் தரையோடு திருகி வைத்திருந்தார்கள், யாரும் யார் பக்கத்திலும் இழுத்துப் போட்டுக்கொள்ள முடியாது. சுவரில் கண்ணாடி ஜன்னல், நடுவில் சல்லடை மாதிரி ஓட்டைகள், அந்தப் பக்கம் ஒரு மைக், அதில் சிவப்பு விளக்கு எரிந்தால் நாம் பேசவேண்டும். அதிகாரி இங்கிலீஷில் கேட்கிறார், பக்கத்தில் கம்பளிச் சட்டை போட்ட ஓர் அம்மா அதை நம் பேச்சில் திருப்பிச் சொல்லுகிறார். உங்கள் மகள் எப்போது பிறந்தாள் என்று கேட்டார். எனக்கு அதைவிட நன்றாகத் தெரிந்தது எதுவுமில்லை. பாலம் முறிந்ததைச் சொன்னேன், பஸ் நின்றுபோனதால் ரயில் பாலத்தின் மேல் கட்டை கட்டையாக உன் அம்மாவைக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப்போனதைச் சொன்னேன், அவள் நடுவில் நின்று எனக்கு இப்போது கோபம் வருகிறது என்று சொன்னதைச் சொன்னேன், அந்தப் பிரசவ ஆஸ்பத்திரிக் கூரை ஒழுகி வாளி வைத்திருந்ததைச் சொன்னேன். கம்பளிச் சட்டை அம்மா அவ்வளவையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு நாலைந்து வார்த்தையில் அவரிடம் சொல்லி முடித்துவிட்டார். எனக்கே கொஞ்சம் அவமானமாக இருந்தது. ஆனால் அதிகாரியின் விரல்கள் மட்டும் கம்ப்யூட்டர் கட்டைகளின் மேல் ஓடிக்கொண்டே இருந்தன, ஆகா, இந்த மனுஷன் ஒன்று விடாமல் எழுதிக்கொள்கிறார் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், வழியில் தையல்காரம்மாவுக்குப் பழம்கூட வாங்கினேன். உறை வந்தது. அதில் ராம்ப்ளிங் என்று இருந்தது. போக்கிடம் இல்லாமல் சுற்றிச் சுற்றி வருகிற பேச்சு என்றான் மாமா. அதற்குக் கீழே இவேசிவ் என்று இருந்தது. பிடி கொடுக்காமல் நழுவுகிற பேச்சு என்றான். சொல்லிவிட்டு, “அருமையான வார்த்தை அத்தான், இதை நான் அச்சுல ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கேன்” என்றான். என்னைத் திட்டின வார்த்தையை நீ மெச்சிக்கொள்கிறாயே, உனக்குச் சொந்தம் நானா அதுவா என்று கேட்டேன். நழுவினதாக ஏன் எழுதினார் என்றால், பாலம் விழுந்த வருஷத்தை அவர் தேடிப் பார்த்திருக்கிறார், உன் பள்ளிக்கூடத்துக் காகிதத்தில் இருக்கிற வருஷம் அதற்கு முந்தினது. உனக்கு வயது போதாது என்று பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுத்தார்கள், இதோ எழுதுகிறானே இவன்தான் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய், ஒரு வருஷம் முந்திப் பிறந்ததாக எழுதிக்கொடுத்துவிட்டு வந்தான். எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள். இந்த இடத்தில் இவன் கை நின்றுவிட்டது, எழுதுடா என்று சொல்லியிருக்கிறேன், கோபமாகச் சொல்லவில்லை. நிஜமான வருஷத்தைச் சொன்னேன், காகிதத்தில் இருந்தது வேறு. வேறு காகிதம் இல்லை, அந்த ஆஸ்பத்திரியை இடித்து ரோடு போட்டாயிற்று.

அதற்கு அப்புறம்தான் நீ போனில் சொன்னாய், அப்பா, ஒரு கேள்விக்கு ஒரு வரி, கதை வேண்டாம், காகிதத்தில் இருக்கிற தேதியைச் சொல்லுங்கள் போதும் என்று. உன்னைக் குறை சொல்லவில்லை, நீ நன்மைக்குத்தான் சொன்னாய். உடனே இங்கே ஒத்திகை தொடங்கிவிட்டது. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் பாத்திரம் கொடுக்கிற ஜன்னல் இருக்கிறதே, அதற்கு அந்தப் பக்கம் தையல்காரம்மாவை உட்காரவைத்தான் மாமா. அந்த அம்மாவுக்கு அதிகாரியாக இருக்க ரொம்பப் பிடித்துப்போயிற்று. மூக்குக்கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, “ம், பேர் என்ன, சீக்கிரம் சொல்லுங்க, எனக்கு வேற வேலை இல்லையா” என்று அதட்டுவார். நான் வாயைத் திறந்து பாலம் என்று ஆரம்பித்தால் கத்தரிக்கோலால் ஜன்னல் கட்டையில் ஒரு தட்டுத் தட்டி, “பாலம் விழுந்துடுச்சு, அதை விடுங்க, தேதி” என்பார். மாமா அவன் பங்குக்கு, கமா வந்தால் ஒரு மூச்சு, புள்ளி வந்தால் இரண்டு மூச்சு என்று எனக்குச் சுவாசம் விடவே கற்றுக்கொடுத்தான். முதல் பதில் என் பேர், இரண்டாவது என் வயது, மூன்றாவது உன் பேர், நாலாவது உன் தேதி. வரிசை மாறாமல் குளிக்கும்போதுகூடச் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, அங்கே போகிற வரைக்கும். இந்தத் தடவை அதிகாரி சின்ன வயதுப் பையன் மாதிரி இருந்தார், நல்ல மனுஷர். நான் படியேறி வந்து இருமிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது, முதல் கேள்வி வந்துவிட்டது என்று நான் என் பேரைச் சொன்னேன். சரி உட்காருங்கள், எப்படி வந்தீர்கள் என்றார், என் வயதைச் சொன்னேன். அவர் என் பேரைக் கேட்டார், உன் பேரைச் சொன்னேன். கம்பளிச் சட்டை அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு மேஜையைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது, ஆனால் நடுவில் நிறுத்தினால் மிச்சமும் மறந்துவிடுமே என்று அடுத்த கேள்வி வருவதற்கு முன்னாலேயே தேதியையும் சொல்லி, இரண்டு மூச்சு விட்டு, எழுந்துகொண்டேன். உறையில் மோனோடனஸ், ரிஹர்ஸ்ட் என்று வந்தது. ஏற்றஇறக்கம் இல்லாமல் ஒப்பித்தது என்று அர்த்தமாம். மறுத்துப் பேச என்னிடம் ஒன்றுமில்லை, ஒப்பித்தேன்தான். அதோடு முதல் தடவை ஒரு வருஷம், இந்தத் தடவை வேறு வருஷம் என்றும் எழுதியிருந்தார்கள். என்னைப் பற்றி அவர்கள் எழுதினதில் நழுவினேன் என்ற முதலாவது பொய், ஒப்பித்தேன் என்ற இரண்டாவது நிஜம், இரண்டுக்கும் முடிவு ஒன்றாகவே இருந்தது.

இதை ஏன் விரிவாகச் சொல்லுகிறேன் என்றால், உன் வேலையைப் பற்றி எனக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நானும் ஒரு காலத்தில் அதே வேலைதான் செய்தேன். லிஃப்ட் கீழேயிருந்து ஆறாவது மாடிக்குப் போவதற்குள் உள்ளே பேசுகிறவர்கள் எல்லாருக்கும் மனசுக்குள்ளே ஒரு பட்டம் கட்டிவிடுவேன். முதல் மாடி மேனேஜர் வெடுக்கு, எதைச் சொன்னாலும் நாய் கடிக்கிற மாதிரி ஒரு சொல். மூன்றாவது மாடிக் கணக்கர் முழுங்கி, வாக்கியத்தின் வாலை எப்போதும் உள்ளேயே விட்டுவிடுவார். ஆறாவது மாடி வக்கீல் வெண்கலம், கதவு மூடின பிறகும் குரல் கேட்கும். டைப் அடிக்கிற அம்மா வழவழா, பாவம், அவரைக் கண்டால் எல்லாரும் படியில் இறங்குவார்கள். ஆனால் நான் என்ன பட்டம் கட்டினாலும் அவரவர் மாடியில் அவரவர் இறங்கிக்கொண்டார்கள், யாரையும் நான் நடுவில் நிறுத்தி வைத்ததில்லை. உன் காதில் ஒரு கிழவன் குரல் வந்து சுற்றி வளைத்துப் பேசினால், உடனே அந்த வார்த்தையைப் போட்டுவிடாதே. கொஞ்சம் பொறு. பாலத்தில் ஆரம்பிக்கிறவன் ஆஸ்பத்திரிக்குத்தான் வந்துகொண்டிருக்கிறான். பொறுக்க உன் மேலதிகாரி விடமாட்டார் என்றால் என்ன செய்வாய், போடத்தான் வேண்டும், போட்டுவிட்டு என்னை ஒரு தடவை நினைத்துக்கொள்.

அம்மா பேசுகிற விதத்துக்கு உன் பட்டியலில் எந்த வார்த்தை என்று ஒரு நாள் கேட்டேன். சாஃப்ட் ஸ்போக்கன் அப்பா என்றாய். மாமாவும் அகராதியைப் பார்த்து, மெல்லப் பேசுகிறவள், சரிதான் என்றான். நீங்கள் இரண்டு பேரும் அவளோடு பேசினவர்கள்தானா என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது. அவள் மெல்லப் பேசினதே இல்லை, பாதி பேசினாள். லிஃப்டில் வாய் திறக்காமல் நின்றதற்கெல்லாம் சேர்த்து நான் வீட்டில் பேசித் தீர்ப்பேன், அவள் எதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டு கேட்பாள். அவள் முறை வந்தால் வாக்கியத்தை நடுவில் விட்டுவிட்டு, மிச்சம் எனக்குத் தெரிந்ததா என்று முகத்தைப் பார்ப்பாள். “அந்தப் பால்காரன் இன்னைக்கும்” என்பாள், பார்ப்பாள். தண்ணீர் கலந்துவிட்டான் என்று நான் முடிக்கவேண்டும். “உங்க தங்கை வந்தா” என்பாள், பார்ப்பாள். அதை நான் முடிக்கமாட்டேன், எழுந்து வெளியே போய்விடுவேன். கடைசியில் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்திருந்தபோதும் அப்படித்தான். “அவ வந்தான்னா” என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். உன்னைத்தான் சொன்னாள். தெரிந்தது என்று நான் தலையாட்டினேன், அவளும் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குத் தெரியவில்லை கண்ணு. இன்றைக்கு வரைக்கும் அந்த வாக்கியத்தை ஒவ்வொரு விதமாக முடித்துப் பார்க்கிறேன், ஒன்றும் அவள் குரலில் பொருந்தவில்லை. நேரில் வந்து உன்னைக் கேட்டால் உனக்குத் தெரிந்திருக்குமோ என்று ஓர் ஆசை இருந்தது, மூன்று தடவை அந்தப் படியேறினதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது தடவைதான் கடைசி என்று முன்பே எழுதியிருந்தார்கள். காகிதத்தை நம்பமாட்டோம், குழந்தை பிறந்த அறையில் இருந்த யாராவது ஒருவரைக் கூட்டி வாருங்கள் என்று வந்தது. அப்பா மகள்தானா என்று ரத்தம் எடுத்துப் பாருங்களேன் என்று மாமா கேட்டுப் பார்த்தான், அவர்களாகச் சொன்னால்தான் அது உண்டு, நாமாகக் கேட்டால் இல்லையாம். அப்புறம் இவன் இரண்டு நாள் யோசனை பண்ணிவிட்டு, “நான் அங்க இருந்தேன்னு சொல்லிடறேன் அத்தான், யாருக்குத் தெரியப்போவுது” என்றான். நீ பிறந்த அன்றைக்கு இவன் அச்சாபீசில் ஏதோ கல்யாணப் பத்திரிகையைத் திருத்திக்கொண்டிருந்தான். பொய் சொன்னால் இவன் குரல் எலிக்குஞ்சு மாதிரி மேலே ஏறிவிடும், சின்ன வயதிலிருந்தே அப்படி, தையல்காரம்மாவை ஜன்னலில் உட்காரவைத்துச் சொல்லிப் பார்த்தான், அந்த அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். உன் குரலுக்கு வேறு ஒரு வார்த்தை எழுதிவிடுவார்கள், வேண்டாம் என்று நான் தனியாகவே போனேன். இந்தத் தடவை வயதான பெண் அதிகாரி. கம்பளிச் சட்டை அம்மா அதேதான், என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். நீங்கள் அந்த அறையில் இருந்தீர்களா என்று கேட்டார்கள். இல்லை, கதவுக்கு வெளியே நின்றேன் என்றேன். அப்படியானால் உள்ளே இருந்தவர்களில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். எனக்கு முழுவதும் தெரியும், முகம் முகமாகத் தெரியும், ஆனால் பாலத்திலிருந்து வராமல் அந்த அறைக்குள் நுழைய எனக்கு வழி தெரியாது. கதை வேண்டாம் என்று நீ சொல்லியிருக்கிறாய், ஒப்பிக்கவும் கூடாது என்று இவன் சொல்லியிருக்கிறான். அந்த ஒரு வரியைத் தேடிக்கொண்டு நின்றேன். கம்பளிச் சட்டை அம்மா ஓட்டைகளுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்து, “ஐயா, யாராவது இருக்காங்களா, ஒரு பேர் சொல்லுங்க, போதும்” என்று அவராகவே மெல்லச் சொன்னார். ஒரு பேர் என் நாக்கில் வந்து நின்றது. அதை அந்த ஜன்னலில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது. இப்போது வந்த உறையில் இருக்கிற வார்த்தை ரெட்டிசென்ட். சொல்லத் தெரிந்தும் சொல்லாமல் உள்ளே வைத்துக்கொள்கிறவன் என்று மாமா அர்த்தம் சொன்னான், இந்தத் தடவை வார்த்தையை அவன் மெச்சவில்லை, அகராதியை மூடி அலமாரியில் வைத்துவிட்டான்.

இனிமேல் மனு போடாதே. இதற்கு மேல் மேல்முறையீடு இல்லை என்று கடைசி வரியில் இருக்கிறதாம். நீயும் வரவேண்டாம், நீ அங்கே தங்குவதற்கான காகிதம் முடியாமல் கிடக்கும்போது நீ வெளியே காலை வைத்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள், அம்மா போனதற்கே உன்னால் வரமுடியவில்லை, எனக்காக வந்து பேரனை விட்டுப் பிரியாதே. நாம் இரண்டு பேரும் இனி நேரில் பார்த்துக்கொள்ளப்போவதில்லை. இதைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அதனால்தான் இவனை உட்காரவைத்துச் சொல்லுகிறேன், இவன் மூக்கை உறிஞ்சுகிறான், நீ அதைப் பொருட்படுத்தாதே. இங்கே மற்ற செய்தி என்றால், ஆபீஸ் லிஃப்டுக்கு ஆள் வேண்டாம் என்று அதற்குள்ளேயே ஒரு பெண் குரலை வைத்துவிட்டார்கள், மாடி வந்தால் அது சொல்லுகிறதாம். எப்படிப் பேசுகிறது என்று போய்க் கேட்டுவிட்டு வந்தேன். நன்றாகத்தான் பேசுகிறது, அதற்கு எந்தப் பட்டமும் கட்ட முடியவில்லை. ஆயுசெல்லாம் ஊராரை மேலே ஏற்றி இறக்கினவன் நாலு மாடி கால்நடையாக ஏறித்தான் வீட்டுக்கு வருகிறேன், இரண்டாவது மாடியில் தையல்காரம்மா ஒரு முக்காலி போட்டு வைத்திருக்கிறார், அதில் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் மிச்சம் ஏறுவது. பேரன் போனில் தாத்தா என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அப்புறம் மூச்சு மட்டும் விடுகிறான், அவனை வற்புறுத்தாதே, அந்த மூச்சு எனக்குப் போதும், போனை அவன் வாய்க்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்ச நேரம் வைத்திரு. வேலை முடிந்ததும் காதிலிருந்து அந்தக் கருவியைக் கழற்றிவிட்டு இரண்டு காதையும் நன்றாகத் தேய்த்துவிட்டுக்கொள், நாளெல்லாம் பிறர் பேச்சைக் கேட்கிற காது சீக்கிரம் கெட்டுவிடும். மாப்பிள்ளையிடம் நான் விசாரித்ததாகச் சொல்லு. நீயும் உன் குடும்பமும் நோய்நொடி இல்லாமல், யாருக்கும் பதில் சொல்ல ஜன்னலில் நிற்கவேண்டியிராமல், நீண்ட நாள் இருக்கவேண்டும். இப்படிக்கு, பாலம் முறிந்த வருஷத்திலிருந்து உன் அப்பா, இது என் இடது பெருவிரல்.

கைநாட்டு வைத்தாயிற்று, மை காய்வதற்கு முன் மடிக்கக்கூடாது என்கிறான் மாமா. காகிதத்தில் கொஞ்சம் இடமும் இருக்கிறது. அது காயட்டும், அந்த ஜன்னலில் சொல்லாததை உனக்குச் சொல்லி முடித்துவிடுகிறேன். அந்த அறைக்குள்ளே ஒரு பெரிய நர்ஸ் இருந்தாள், யாரைப் பார்த்தாலும் அதட்டல்தான், உன் அம்மாவையே கத்தாதே என்று கத்தினாள். அணையைத் திறந்து கீழ்த்தெருவெல்லாம் தண்ணீர் வந்த வருஷம் அவள் போய்விட்டாள், அவள் வீட்டு வாசலில் படகு நின்றது. துணி அலசுகிற ஓர் ஆயா இருந்தாள், எல்லாவற்றையும் ரகசியம் மாதிரிக் கிசுகிசுப்பாள், வெந்நீர் எங்கே என்பதைக்கூட. ரயிலுக்குக் கரி எஞ்சினை நிறுத்தின வருஷம் அவள் போனாள். உன் பெரியம்மா இருந்தாள், இழுத்து இழுத்துப் பேசுவாள், ஆம்பளையா பொம்பளையா என்று நான் வெளியிலிருந்து கேட்டதற்கு அவள் பொ என்று ஆரம்பித்துப் பொண்ணு என்று முடிப்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. மாமா அச்சாபீசில் ஓய்வு வாங்கின வருஷம் அவளும் போனாள். உன் அம்மா இருந்தாள், அவள் போனது உனக்குத் தெரியும். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றவன், கணக்கில் வரமாட்டேன். கதவு வழியாக ஒரு சத்தம் வந்தது, கணீரென்றும் இல்லை, கீச்சென்றும் இல்லை, எங்கேயோ பேசிக்கொண்டிருந்ததை விட்ட இடத்திலிருந்து தொடருகிற மாதிரி இருந்தது. கம்பளிச் சட்டை அம்மா ஒரு பேர் கேட்டாரே, என் நாக்கில் வந்து நின்றது அந்தச் சத்தம் போட்டவளின் பேர்தான். அந்த அறையில் இருந்தவர்களில் இன்றைக்கு உயிரோடு இருப்பது நீ ஒருத்திதான்.